அணைத்த பிறகும் உட்கார்ந்திருந்தவர்

எங்கள் அணுகுண்டு அண்ணன் இருந்தவரை ஓசூரில் ஒரு ஸ்டவ்வைக்கூட யாராலும் நிம்மதியாக அணைக்க முடிந்ததில்லை.

ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர். வடக்கே எங்கோ ஒரு பழைய அணு உலையில் வேலை பார்த்துவிட்டு, அதை மூடிய பிறகு திரும்பி வந்தவர். எங்கள் லைன் வீட்டில் குடியேறினார். தனிக்கட்டை. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. அதற்குப் போய் அந்தப் பெயர்!

"வயசான உலைப்பா அது. ஒரு குழாய அடச்சா இன்னொன்னு ஒழுகும். பாதி வேகத்துலதான் ஓட்டுவோம். கடைசியில 'போதும், நிறுத்து'ன்னுட்டாங்க. நிறுத்திட்டா முடிஞ்சிதா? உள்ள இருக்கற சூடு லேசுல அடங்காது. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், ஆளு கூடவே இருக்கணும்" என்பார்.

அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. யார் வீட்டில் கிரைண்டரை நிறுத்தினாலும் ஓடிவந்து, மோட்டாரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்தும் அடுப்படியை விட்டு நகரவில்லை. சமையல்காரர் "ஆ கடே ஹோகப்பா!" என்று கன்னடத்தில் விரட்டினார். தீமிதி முடிந்து ஊரே வீட்டுக்குப் போன பிறகு, குண்டத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யோவ்! அம்மா எறங்குன நெருப்புய்யா அது!" என்று பூசாரி அலறினார்.

"அம்மா போயிட்டாங்க சாமி. சூடு போகல."

பிறகு ஒருநாள், நான் லேத் ஓட்டிய கம்பெனியை மூடினார்கள். சாமி விளக்கேற்றக்கூட எனக்கு மனம் வரவில்லை. கால் அடிக்கடி ஏரிப் பக்கமே இழுத்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ போணா. எல்லாம் முடிஞ்சிபோச்சி."

"நிறுத்தினவங்க போயிட்டாங்கப்பா. நானும் போயிட்டா எப்பிடி? தண்ணியக் குடி."

தினமும் வந்தார். நான் ஏரிக்குப் போனால் சொம்போடு பின்னாலேயே வந்தார். என் நெற்றியில் புறங்கையை வைத்து, "இன்னும் எறங்கல" என்பார்.

"அவருக்குக் காய்ச்சலே இல்லீங்கண்ணா!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆடி போய் ஆவணியும் பாதி போனது. ஒரு காலையில் நானாகவே குளித்து, முருகனுக்கு விளக்கேற்றினேன். அண்ணன் வந்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், "ம்" என்றார். சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில வருஷம் கழித்து மாரடைப்பில் அவரும் போனார். சொந்தமென்று யாரும் வரவில்லை. நான்தான் கொள்ளி வைத்தேன்.

"திரும்பிப் பாக்காம வாங்க" என்றார்கள். சாஸ்திரம் எனக்கும் தெரியும். கொஞ்ச தூரம் நடந்தேன். அப்புறம், முருகா மன்னிச்சுக்கோ என்று திரும்பிப் போய்ச் சிதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவு சூட்டோடு அண்ணனைத் தனியே விட்டுவர மனசு கேட்கவில்லை.