ஏழாம் பக்கத்தில் இறந்துபோனவள்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உருத்திரபுரத்திலிருந்து சாரங்கா எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் பத்திரிகையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் இந்த நிமிடம் வரை சுகம். எல்லோரும் படுத்தபின் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

என் கதையை இளையோர் மலரில் போடுவதாக எழுதியிருந்தீர்கள். ஆனால் தினமும் இன்சுலின் ஊசி போடும் பெண், கடைசியில் தம்பியோடு சண்டைபிடித்துவிட்டுச் சோறு சாப்பிடுவது வாசகர் மனதைத் தொடாது, ஆகவே அவளைச் சாகடித்து அனுப்பு என்றும் எழுதியிருந்தீர்கள். பழைய மலர்களை எடுத்துப் பார்த்தேன். இருதய வருத்தக்காரி மழையில் சாகிறாள். வலிப்பு வருத்தக்காரி பரிசளிப்பு விழாவில் சாகிறாள். ஆஸ்துமாக்காரன் ஒருவன் மட்டும் தப்பியிருக்கிறான், எழுதியவருக்குப் பக்கம் போதவில்லை போலும்.

எனவே நாலு நாளுக்கு முன் நானும் ஏழாம் பக்கத்தில் என் பெண்ணைக் கொன்றேன். "இன்றிரவு நான் போகிறேன் அம்மா" என்று அவளே சொல்வதாக எழுதி, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சோறு வெந்துவிடும் என்று ஊசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். படுக்கை தட்டப் போன அம்மா அதை வாசித்து, நான் எழுதிவைத்த கடைசிக் கடிதம் என்று நினைத்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் எங்கள் ஒழுங்கை வீட்டுக்காரர் எல்லோரும் ஓடிவந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஊசிக் கதையும் இருந்தது; எனக்குச் சீனி வருத்தம் என்பது அயலுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒருவரும் கலியாணம் பேசி வரமாட்டார்களாம். எனக்கு இப்போது பதினாறு வயது. அதனால் "என்னக்கா, என்ன நடந்தது?" என்று கேட்டவர்களுக்கு அம்மா வாயில் வந்ததைச் சொன்னார்: "பாம்பு!"

பிறகென்ன, மண்வெட்டி, டோர்ச், பக்கத்து வீட்டு அமராவதி அக்காவின் உலக்கை எல்லாம் வந்தன. ஒரு மணித்தியாலம் தேடினார்கள், இல்லாத பாம்பு எப்படிக் கிடைக்கும்? ஊசி போட்ட எனக்குச் சோறும் கிடைக்கவில்லை. இரத்தத்தில் சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, இருந்த கதிரையோடு சரிந்தேன். "ஐயோ, பிள்ளையைக் கடிச்சுப் போட்டுது!" என்று அமராவதி அக்கா கத்தினார். காலைக் கட்டுங்கோ என்று ஒருவர், விசகடி வைத்தியரிட்டை ஏத்துங்கோ என்று இன்னொருவர். அம்மா குசினிக்குள் ஓடி ஒரு பிடி சீனியை அள்ளிவந்து என் வாயில் திணித்தார். பத்து நிமிடத்தில் எழும்பி இருந்தேன்.

"பாத்தியளோ, சீனி விசத்தை இறக்கிப் போட்டுது!" என்றார் அமராவதி அக்கா. அம்மா மறுக்கவில்லை. மறுத்தால் உண்மை வருமே. என்னிடம் மட்டும் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்டார், பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கதை என்று சமாளித்தேன்.

இன்று பின்னேரம், வயலில் உண்மையாகவே பாம்பு கடித்த வீரகத்தி மாமா, சீனி வைத்தியத்தைக் கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எங்கள் படலையடியில் வந்து நின்று அம்மாவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒரு பிடி சீனி தாங்கோ." கால் வீங்கியிருந்தது. அம்மா அவரை ஓட்டோவில் தள்ளி ஏற்றி, வழியெல்லாம் ஏசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "தர மனமில்லாட்டி நேரை சொல்லியிருக்கலாம்" என்று அவருக்கும் கோபமாம். ஆள் தப்பிவிட்டார்.

ஐயா, எனக்குப் பாம்புக்குப் பயமில்லை. ஏழாம் பக்கத்தை எழுதிய நாளிலிருந்து கண்ணை மூடத்தான் பயம். அவள் நித்திரையில் சாகிறாள். நானும் அப்படியே போய்விடுவேனோ என்று விடியும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். ஆனாலும் என் எழுத்தை அச்சில் பார்க்கும் ஆசை விடவில்லை. ஆகவே ஏழாம் பக்கத்தை இணைத்திருக்கிறேன், மழையும் சேர்த்திருக்கிறேன். என் பெயரை மட்டும் போடவேண்டாம். 'வன்னி மகள்' என்று போட்டால் போதும்.

தங்கள் பேனாவில் மையும் தங்கள் வாசகர்களிடம் கண்ணீரும் குறையாதிருக்கக் கடவுளை வேண்டும்,
சாரங்கா

பி.கு.: அம்மா எழும்பிவிட்டார். போர்வையை இழுத்து, எல்லாவற்றையும் வாசித்தார். "ஆரடி அவன், என்ரை பிள்ளையைச் சாகடிக்கச் சொன்னவன்?" என்றார். "அது கதையில வாற பிள்ளையம்மா" என்றேன். "கதையில வந்தால் மட்டும் சாகலாமோ?" என்று ஏழாம் பக்கத்தை நாலாகக் கிழித்தார். ஆகவே கதை ஆறாம் பக்கத்தோடு முடிகிறது. அவள் சோறு சாப்பிடுகிறாள். அம்மா கிழித்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "உன்ரை பேரை வடிவாப் போடச் சொல்லு. அண்டைக்குச் சீனி தந்தது எதுக்கெண்டு வீரகத்தியண்ணையும் வாசிக்க வேணும்" என்றார். இப்போது என் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். முடிக்கிறேன் ஐயா, நித்திரை வருகிறது.