சித்தப்பாவின் பாட்டரி என் பொறுப்பில் இருந்த வரலாறு

திருச்சுழி,
1943, ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த சித்தப்பா தாவீதுராஜ் அவர்களுக்கு,

ஜெயசெல்வி எழுதிக்கொள்வது. முதலில், எழுதியதற்கே என்னை மன்னிக்க வேண்டும். அப்பா எழுதும் கடிதத்தின் அடியில் "நானும் நலம்" என்று ஒரு வரி சேர்ப்பதுதான் என் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரியையும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போட விடுவேன். இன்று முழுக் கடிதமும் நானே எழுதத் துணிந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இங்கே அப்பா, அம்மா, நான், ஆடு இரண்டும் தேவகிருபையால் சுகம். நீங்களும் உங்கள் இராணுவப் பட்டறையில் உள்ள லாரிகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். லாரிகளையும் சேர்த்துக்கொண்டது அம்மாவின் யோசனை.

பெட்ரோல் கூப்பன் குறைந்து, வாடகைக் காரை மிளகாய்க் கொட்டகையில் கட்டைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு நீங்கள் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று, அதன் பாட்டரியைக் கழற்றி என் முன்னால் வைத்தீர்கள். "நீ பி.ஏ. படிச்சவ, இத நீதான் பாத்துக்கணும். சும்மா கிடந்தாலே செத்துப்போற சாமான் இது. மாசம் ஒருக்கா அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோயி சார்ஜ் ஏத்து, உள்ள இருக்கிற தகடு முங்குற மட்டும் காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்து, வெக்கையில வைக்காத, எவன் கேட்டாலும் குடுக்காத" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். சித்தப்பா, நான் படித்தது சரித்திரம். பானிப்பட்டில் மூன்று போர் நடந்தது தெரியும். பாட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் அதைச் சொல்ல வாய் வருவதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

இதற்கிடையில் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை தருவதாகக் கடிதம் வந்தது. ஜனவரியில் சேர வேண்டும், இந்தக் கார்த்திகைக்குள் பதில் எழுத வேண்டும். அப்பா அந்தக் கடிதத்தை மிளகாய்ச் சாக்கின் மேல் வைத்து வாசித்தார். பிறகு, "தாவீது லீவுக்கு வாரான்ல. வந்து அந்தப் பாட்டரிய மாட்டி, ஒரே அமுக்குல கார் கிளம்புச்சுன்னா நீ மதுரைக்குப் போ. சோறு கேக்காத, வாய் பேசாத ஒரு பெட்டியக் காப்பாத்த முடியலைன்னா, நாப்பது புள்ளைகளை எப்படிக் காப்பாத்துவ?" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒன்று ஆனால் எனக்கும் ஆனதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டில் வெக்கை படாத இடம் எதுவென்று தேடினேன். தண்ணீர்ப் பானைகளுக்குப் பக்கத்தில் மட்டுந்தான் தரை சில்லென்று இருந்தது. பலகை போட்டு அங்கே வைத்தேன். அம்மாவுக்குச் சம்மதமில்லை. "மோட்டாருக்குச் சீக்குன்னா மோட்டார்லயே கிடக்கட்டுமே, அடுப்படிக்கு எதுக்கு?" என்றார்கள். ஆனாலும் வீட்டுக்குள் வந்துவிட்ட ஒன்றை அழுக்காக விட அம்மாவுக்கு மனம் வருமா? முனைகளில் வெள்ளை பூத்திருந்ததைப் பார்த்து, நான் இல்லாத நேரத்தில் புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு விளக்குவதுபோல் விளக்கி, முந்தானையால் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டபோது அந்த முந்தானையில் மூன்று ஓட்டை. எலி கடித்துவிட்டது என்று அம்மா முடிவு கட்டி, பொறி வாங்கி, அதில் தேங்காய்ச் சில்லு வைத்து, ஒரு மாதம் எலியை எதிர்பார்த்தார்கள். பெட்டியில் இருக்கும் திராவகம்தான் அந்த எலி என்று எனக்குத் தெரியும். சொன்னால் பெட்டி தெருவுக்குப் போய்விடும் என்று பேசாமல் இருந்தேன். பொறியில் கடைசிவரை ஒன்றும் விழவில்லை. தேங்காயை நான்தான் தின்றேன்.

பிறகு தண்ணீர் விஷயம். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பே வேகாது. அதைப் பாட்டரியில் எப்படி ஊற்றுவது? பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. பெரிய பானையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, உள்ளே ஒரு பீங்கான் கிண்ணத்தைச் செங்கல்மேல் வைத்து, பானை வாயில் குழிந்த சட்டியைப் பொருத்தி, சட்டிக்குள் பச்சைத் தண்ணீர் நிரப்பினால், ஆவி சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். அருமையாக விழுந்தது. அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு அழகுத்தாய் அத்தை நெருப்பு எடுக்க வந்தார்கள். பானைமேல் சட்டி, சந்தில் மைதா பூசி அடைத்திருக்கிறது, சொட்டுச் சத்தம் வேறு.

"என்ன செல்வி, அடுப்புல என்னது?"

"ஒண்ணுமில்ல அத்தை" என்றேன். யார் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனால் அன்று அது பெரிய பிசகாகிவிட்டது. நெருப்பைக்கூட எடுக்காமல் அத்தை போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, "ஏசுவடியான் வீட்டுல பி.ஏ. படிச்ச புள்ள சாராயம் காய்ச்சுது" என்று ஆகிவிட்டது. மறுநாள் பந்தல்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் கிடைக்குமா?" என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்கள். மிளகாய் வாங்க வந்தவர்கள் என்று நினைத்த அப்பா, "எத்தனை மூடை வேணும்? வண்டி கொண்டாந்திருக்கிகளா?" என்று உரக்கக் கேட்கவும் இருவரும் வந்த வழியே ஓடிவிட்டார்கள். அதற்கு மறுநாள் உபதேசியார் ஐயா வேதாகமத்தோடு வந்து உட்கார்ந்தார். மூக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"ஏசுவடியான், வீட்டுல ஏதோ காய்ச்சுறதாக் கேள்விப்பட்டேன்."

"ஆமய்யா, புள்ளதான் காய்ச்சுது. மாசா மாசம் காய்ச்சும்."

"மாசா மாசமா!"

"பின்ன? அது குடிக்கக் குடிக்க ஊத்தணும்ல."

"எது... யாரு குடிக்கிறது?"

"தம்பியோட பாட்டரிதான். வேற யாரு?"

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்கிறாரோ, சிரிப்பை அடக்குகிறாரோ, கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்துப் பார்த்து, "ஒரு ருசியும் இல்லையே" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை புறம்பேசுதலைப் பற்றிப் பிரசங்கம். அழகுத்தாய் அத்தை நம் கோயிலுக்கு வருகிறவர்கள் அல்ல. ஆகவே பிரசங்கம் யாருக்கென்று தெரியாமல் மற்றவர்கள் எல்லாரும் குற்றவாளிகளைப்போல் உட்கார்ந்திருந்தோம்.

சார்ஜ் ஏற்றுவதற்கு ஒரு சந்தை நாளில் அருப்புக்கோட்டையில் பாலையா கடையில் கொடுத்து, அடுத்த சந்தைக்கு வாங்கி வருவேன். போகும்போது அப்பா பஸ்ஸில் ஏற்றிவிடுவார். வரும்போது பாலையாவே தூக்கிவந்து என் காலடியில் வைப்பார். இப்போது ஓடுவது பெட்ரோலுக்குப் பதில் கரி எரிக்கும் கரி பஸ். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு புகையோடு வரும். டிரைவர் சங்கையா முதல் நாளே, "தாயி, இதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்று கேட்டு பஸ் முழுவதையும் சிரிக்கவைத்தார். அப்புறம் அது எல்லாருக்கும் பழகிவிட்டது. ஏறுகிறவர்கள் என்னிடம் சௌக்கியம் கேட்காமல், "பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள்.

போன மாதம் முழு சார்ஜோடு திரும்பி வரும்போது நடுக்காட்டில் பஸ் நின்றுவிட்டது. சங்கையா இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "பஸ்ஸோட பாட்டரி போயிருச்சு" என்றார். பஸ் முழுவதும் திரும்பி என் காலடியைப் பார்த்தது.

"தாயி, அந்தப் பெட்டியக் கொஞ்சம் குடுத்தியன்னா..."

"தரமாட்டேன்!"

இவ்வளவு சத்தமாகச் சொன்னது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன், சித்தப்பா. பின்வரிசையில் ஒரு ஆச்சி, "ஆத்தாடி, இதுக்கு வாய் இருக்கா!" என்றார்கள். வேறு வழியில்லாமல் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, நானும் இறங்கித் தள்ளினேன். பெட்டி மட்டும் இறங்கவில்லை. அது உள்ளே தனியாகச் சவாரி செய்ய, ஒரு பஸ் ஜனம் வேர்க்க விறுவிறுக்க அதைத் தள்ளிக்கொண்டு போனோம். ஓர் இறக்கத்தில் பஸ் உறுமிக் கிளம்பியபோது எல்லாரும் கத்திய கூச்சலில் கொக்குகள் பறந்துவிட்டன. இந்தச் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பிடும்போது அப்பா தன் தட்டிலிருந்த பொரித்த கருவாட்டில் பாதியை என் தட்டில் போட்டார்.

ஆகவே சித்தப்பா, தாங்கள் ஒப்படைத்த பாட்டரி இன்று வரை உயிரோடும் முழுச் சார்ஜோடும் பானைப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். கூப்பன் கிடைத்ததென்று எழுதியிருந்தீர்கள், மிகவும் சந்தோஷம். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். அம்மா வரும்போது நல்ல எலிப்பொறி ஒன்று வாங்கி வரச் சொன்னார்கள். ஆடுகளின் சார்பிலும் என் சார்பிலும் வந்தனம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஜெயசெல்வி

பி.கு. சனிக்கிழமை. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் நேற்றுச் சாயங்காலம் பிடித்த மழை விடிய விடியக் கொட்டியது. கருப்பசாமி கோயில் திருப்பத்தில் வாய்க்கால் கரைபுரண்டு ஓடுகிறதாம். அப்பா மழைக்கு முன்பே அருப்புக்கோட்டைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். காலையில் கரி பஸ் நம் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது, மறுபடி கிளம்பவில்லை. உள்ளே முழுக்க விதைச் சாக்கோடு விதைப்புக்குப் போகும் சம்சாரிகள். தள்ளலாமென்று இறங்கினார்கள். கரிசல் சேற்றில் ஆள் கால்தான் புதைந்தது, பஸ் அசையவில்லை. "ஈரம் காயறதுக்குள்ள ஊர் போய் விதைக்கணும், இந்த மழைய விட்டா அடுத்த மழைக்கு எங்க போறது?" என்று ஒருவர் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, வானத்தைப் பார்த்துத்தான் கேட்டார். சங்கையாவும் பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. போன மாதம் என்னிடம் வாங்கியது போதுமென்று இருந்திருப்பார். நான் உள்ளே போனேன். பெட்டியைப் பார்த்தேன். வெளியே வந்து, "ரெண்டு பேரு வந்து தூக்குங்க" என்றேன்.

பெட்டியை மாட்டியதும் ஒரே அமுக்கு, சித்தப்பா! பஸ் அப்படிக் கிளம்பியது. சம்சாரிகள் துண்டை வீசி வீசிப் போனார்கள். அழகுத்தாய் அத்தை குலவையே போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் அப்பா அதே பஸ்ஸில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏ புள்ள, சங்கையா எங்கயோ புது பாட்டரி புடிச்சிருக்கான். வழியில மூணு தடவ நின்னுச்சு, மூணு தடவையும் தொட்டவொடன கிளம்புதுல்ல! எவனோ சாமானத்தப் புள்ள மாதிரி வச்சிருந்திருக்கான். உன் பெட்டி அப்படி இருக்குமா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். அதற்கு அது பதிலே இல்லை. பானைப் பக்கத்துப் பலகைமேல் இப்போது ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

சங்கையாவுக்கு வேறு பாட்டரி வர இன்னும் பத்து பதினைந்து நாள் ஆகுமாம். அதற்குள் நீங்கள் லீவில் வந்துவிடுவீர்கள், அந்த பஸ்ஸில்தான் வருவீர்கள். ஆகையால் இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிடுகிறேன். கொல்லை வழியாக ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். வாசலில் அப்பா உட்கார்ந்திருக்கும்போதே பஸ்ஸை நிறுத்தி, அந்தப் பாட்டரியைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கி, அவர் முன்னால் வைத்து, "அண்ணே, நீங்க சிரிச்சுக்கிட்டே வந்தது உங்க மகளோட பெட்டியில" என்று எனக்காக நீங்கள் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது.