முடிவை மாற்றிச் சொன்ன மாப்பிள்ளை

பெண் கேட்டுப் போகிறவன் பழம் கொண்டு போகலாம், பூ கொண்டு போகலாம். வீடியோ டெக் கொண்டு போகக் கூடாது. இதை எனக்குச் சொல்லித் தர ஆளில்லை. (இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே தெரியும்.)

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நானும் வசந்தியும் எதிரெதிர் மேஜை. பேசினோம், பிடித்துப்போனது. அவள் வீட்டுக்கு ஒரே பெண். மிச்சமிருந்தது ராஜபாளையத்தில் பஞ்சு மண்டி வைத்திருந்த அவள் அப்பாவின் சம்மதம்.

"ஞாயித்துக்கிழம வரச் சொல்லுதாரு. எங்க வீடு கொஞ்சம் ஒரு மாதிரி. எதப் பாத்தாலும் சிரிச்சிராதீங்க" என்றாள் வசந்தி.

சிரிக்கவே தெரியாத குடும்பம் போலிருக்கிறது, நாமே சிரிக்க வைத்துவிடலாம் என்று நான் புரிந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த வீடியோ கடையில் ஒரு டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்தேன். பெண் கேட்டுப் போகும் பையன் ஒரு கிறுக்குக் குடும்பத்திடம் சிக்கிச் சீரழிகிற படம். தியேட்டரில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருந்தேன். அந்தப் பையனே நான்தான் என்பது மண்டையில் உறைக்கவில்லை.

வீட்டு வாசலிலேயே ஒரு தராசு, பஞ்சுப் பொதி நிறுக்கிற பெரிய தராசு.

"வாங்க தம்பி, ஏறி நில்லுங்க" என்றார் வசந்தியின் அப்பா. டெக்கோடு ஏறினேன். "அத எறக்கி வைங்க. ஆளு எடதான் வேணும்."

அந்த வீட்டில் விருந்தாளிகளை வரும்போதும் போகும்போதும் நிறுப்பார்களாம். எடை கூடாமல் ஒருவர் திரும்பினால் வீட்டுக்கே அவமானமாம். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து படம் ஓடியது. படத்து மாமனார், கையில் கடிகாரத்தோடு நின்று பையனை இட்லி மேல் இட்லியாகத் தின்ன வைக்கிறார். நான் வெடித்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"வந்த புள்ளைக்கு இட்லி வைக்கதுல என்ன சிரிப்பு?" என்றார் வசந்தியின் அம்மா, நிஜமாகவே புரியாமல்.

அடுத்து படத்து மாமனார் கிணற்றில் விழுந்தார். எனக்குச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அம்மாவுக்கும் கண்ணீர் வந்தது. "ஐயோ, வயசான மனுசன்!" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டார். வசந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. இவள் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பது அந்த நிமிடம் நன்றாகவே தெரிந்தது.

இன்னும் சற்று நேரத்தில் பையன் பெண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடிப்போவான். அதுதான் முடிவு. (தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை.) அதை எப்படித் தடுப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில், அவள் அப்பாவே எழுந்து டிவியை அணைத்தார்.

"தம்பி, நீங்க பாத்த படந்தானே? அந்தாளு கடைசில பொண்ணக் குடுத்தாரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். (தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை.)

"குடுத்துட்டாரு மாமா." மாமா தானாக வந்துவிட்டது.

"பொறவு?"

"பையன் அவரு கால்ல விழுந்து மன்னிப்புக் கேப்பான்."

"பொறவு?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஒத்தப் பொண்ண விட்டுட்டு அவரு எப்படி இருப்பாருன்னு, அவங்க வீட்டோடயே தங்கிருவான்."

"ஆயுசுக்குமா?"

"ஆயுசுக்கும் மாமா."

"நல்ல படமால்லா இருக்கு!" என்றவர், மனைவியிடம் திரும்பி நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார்.

இப்படித்தான் நான் வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன். தினமும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு தீபாவளிக்கு அதே படத்தை டிவியில் போட்டார்கள். நான் என்னென்னவோ சொல்லி எல்லோரையும் டிவி முன்னாலிருந்து எழுப்பப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. லாரி கிளம்பியது.

"என்ன மாப்ளே, கூட்டிட்டு ஓடுதான்!" என்று அத்தை பதறினார்.

மாமா நிதானமாக முறுக்கைக் கடித்தார். "ஓடத்தான் செய்வான். நான் தியேட்டர்லயே பாத்துட்டேன்லா."

"பின்ன எதுக்கு மாமா அன்னைக்கு எங்கிட்ட முடிவு கேட்டீங்க?"

"படத்து முடிவு தெரியும் மாப்ளே. நீங்க எம்புட்டுக்கு எறங்கி வருவீங்கன்னுதான் தெரியல."

வசந்தி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேரம் பேச வேண்டிய எந்த இடத்துக்கும் என்னை அனுப்புவதில்லை, கத்தரிக்காய் வாங்கக்கூட.