‘லோ’ போட்ட கை

“லோக்கல் பார்ட்டின்னா என்னடி?” என்று அம்மா கேட்டபோது டிகிரி பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள் என்பதால், இடம் கிடைத்த அன்றே பெற்றவர்கள் வைத்த பெயரைப் பிடுங்கிக்கொண்டு டிகிரி என்று வைத்துவிட்டார்கள். அப்பாவே அப்படித்தான் கூப்பிடுவார். தண்ணீர் வரவில்லை என்றாலும் டிகிரி, பல்பு எரியவில்லை என்றாலும் டிகிரி.

“யார் சொன்னா?” வாயில் நுரையோடு கேட்டாள்.

“வாஷிங் மெஷின் கம்பெனிக்குப் போன் பண்ணேன். இருங்கம்மான்னு சொல்லிட்டு அந்தத் தம்பி போனைப் பொத்தாமலே பக்கத்துல பேசுது. ஃபைல்ல ‘லோ’ போட்டிருக்கு, லோக்கல் பார்ட்டிதான், மெதுவாப் பார்த்துக்கலாம்னு. அப்புறம் என்கிட்ட, ரெண்டு நாள்ல ஆள் வரும்மான்னு சொல்லிச்சு. நல்ல பிள்ளை.”

டிகிரி நுரையைத் துப்பினாள். அது அவள் வேலை பார்க்கும் கம்பெனி. அந்த நல்ல பிள்ளை அவளுக்கு ஐந்து நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிற புதுப் பையனாகத்தான் இருக்க வேண்டும். போனைப் பொத்தாமல் பேசுகிற ஆள் அங்கே அவன் ஒருவன்தான்.

மெஷின் நின்று நாலு மாதம். அப்போது டிகிரி ஹாஸ்டலில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நேராக வேலைக்குப் போய், பயிற்சியெல்லாம் முடித்துத்தான் வீட்டுக்கு வந்தாள். வந்து பார்த்தால் மெஷின் மூலையில் துண்டு போர்த்தி நின்றது. உள்ளே யாரோ அழுகிற மாதிரி சத்தம் வந்தது, அப்புறம் அழுகையும் நின்றுபோனது என்று அம்மா செத்துப்போன ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்பாவுக்கு லாரிப் பட்டறையில், வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலை. அவர் சட்டையை வாளியில் முக்கினால் தண்ணீர்தான் அழுக்காகும், சட்டை அப்படியே இருக்கும். அதைக் கையால் கசக்கிக் கசக்கி அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பழைய துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இடது கையால் பரிமாறினாள்.

டிகிரி ஆபீசில் ஒரு பட்டனைத் தட்டினால் மறுநாளே மெக்கானிக் வந்து நிற்பான். ஆனால் சொந்தக்காரர் புகாரைத் திறந்து பார்த்தாலே வேலை போய்விடும் என்பது அங்கே சட்டம். அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. மூன்று மாதம் பாக்கி இருந்தது. அந்த வீட்டில் மாதாமாதம் தவறாமல் சம்பளம் பார்க்கும் முதல் ஆளும் அவள்தான்.

‘லோ’ என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். சத்தமாகப் பேசுகிறவர், மாடல் நம்பரைப் படிக்கத் தெரியாதவர், போனை எடுத்தவனையே ‘சாப்பிட்டீங்களா’ என்று விசாரிக்கிறவர், எல்லோருக்கும் அந்தக் கட்டத்தில் ‘லோ’ விழும். விழுந்தால் வரிசையின் கடைசி. அவர்கள் நெட்டில் போய்த் திட்டி எழுத மாட்டார்கள் அல்லவா, அதனால்தான்.

வேலைக்குச் சேர்ந்தபோது இதற்கு ஒரு பரீட்சையே வைத்தார்கள். பழைய அழைப்புகளைத் தாளில் அடித்து, பேரை வெட்டிவிட்டு, ஆளுக்குப் பத்துச் சீட்டு. ஐந்து நிமிடத்தில் கட்டத்தை நிரப்ப வேண்டும். பரீட்சை என்றால் கேட்கிறவனுக்கு வேண்டிய பதிலை எழுதுவது என்பது டிகிரிக்குப் பதினாறு வருடப் பழக்கம். அவள் இருந்த நாலாவது பேட்ச்சில் பத்துக்குப் பத்து வாங்கியது அவள் மட்டும்தான். அப்பா அந்த மார்க் தாளைப் பட்டறை முழுக்கக் காட்டிவிட்டு, மூலையில் கிரீஸ் கைரேகையோடு திருப்பிக் கொடுத்தார்.

அம்மா அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்ட அன்றைக்கே உட்கார்ந்து மேலாளருக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினாள். வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வார்த்தை மனிதர்களைத் தரம் பிரிக்கிறது, எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேலாளருக்கு ஆபீசில் சாந்தம் சார் என்று பேர். கட்டடம் தீப்பிடித்தது என்று சொன்னாலும் டீ வந்துவிட்டது என்பதுபோலத் தலையாட்டுவார். கடிதத்தைப் படித்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“லோக்கல்னா தப்பான வார்த்தையாம்மா? பாசமாச் சொல்றதுதானே?”

“பாசமாத்தான் வரிசைக்குக் கடைசில தள்றீங்களா சார்?”

வாசனைத் திரவியம் மணக்க உட்கார்ந்திருந்த டீம் லீடர் கையைத் தூக்கினார். “நானே லோக்கல்தான். பெருமையாச் சொல்லுவேன்.”

“உங்க பையன் ஸ்கூல் அப்ளிகேஷன்ல எழுதுவீங்களா சார்? அப்பா, லோக்கல்னு?”

டீம் லீடர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். அது விலை உயர்ந்த ஷூ.

சாந்தம் சார் கருத்துக் கேட்போம் என்றார். ‘இந்த வார்த்தை உங்களைப் புண்படுத்துகிறதா?’ என்று நாற்பத்திரண்டு ஊழியர்களுக்கும் ஒரு தாள் போனது. நாற்பத்தொரு பேர் இல்லை என்றார்கள். உட்காருகிறவனிடம் கேட்டு, நாற்காலிக்கு வலிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். தொண்ணூற்றெட்டு சதவீதம் பேருக்குப் பிரச்சினை இல்லை என்று வட்டம் வரைந்து டீ மெஷினுக்கு மேலே ஒட்டியும் விட்டார்கள். அதிலிருந்து பக்கத்து சீட்டுக்காரி டிகிரியை ‘ரெண்டு பர்சென்ட்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

டிகிரி விடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதுவேன் என்று ஒரே ஒரு வரி அனுப்பினாள். அடுத்த வாரமே ‘லோ’ போய்விட்டது. அதற்குப் பதிலாக ‘எளிய வாடிக்கையாளர்’ வந்தது.

மூன்று நாள்தான். நாலாம் நாள் கேன்டீனில் ஒருவன் இன்னொருவனிடம், “டேய் எளிய, தள்ளி உட்காருடா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வார்த்தையைக் கழுவிக் காயப் போட்டாயிற்று, அழுக்கு மட்டும் அதே இடத்தில் இருந்தது.

அதைவிட மோசம் வேறொன்று. வார்த்தையை மாற்றுவதற்காக அந்தப் புகார்களை எல்லாம் புதிதாகப் பதிந்தார்கள். புது வார்த்தை, புதுத் தேதி. நாலு மாதமாக நின்றவர்கள் எல்லாம் நேற்று வந்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

“ரெண்டு நாள்னு சொன்ன தம்பி இப்ப இருபது நாள்னு சொல்லுது,” என்றாள் அம்மா. “ஆனா ரொம்ப மரியாதையாப் பேசுது.”

டிகிரி இரண்டாவது கடிதம் எழுதினாள். எந்த வார்த்தையும் வேண்டாம், கட்டத்தையே எடுங்கள் என்றாள். கட்டத்தை எடுக்கவில்லை. வார்த்தையை எடுத்துவிட்டு அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். நிறத்துக்கு அர்த்தம் கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது. அன்று சாயங்காலமே பக்கத்து சீட்டுக்காரி, தன் நாத்தனார் வீட்டு ஆட்கள் ஒரே சாம்பல் என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூடவே மெக்கானிக்குகள் அத்தனை பேரையும் வரவழைத்து, வாடிக்கையாளரை மதிப்பது எப்படி என்று ஒரு வாரம் வகுப்பு எடுத்தார்கள். போட்டோ பிடித்தார்கள். அந்த ஒரு வாரமும் ஊரில் எந்த மெஷினையும் யாரும் தொடவில்லை.

“மெக்கானிக் எல்லாரும் மரியாதை கத்துக்கப் போயிருக்காங்களாம்,” என்றாள் அம்மா. இப்போது இடது மணிக்கட்டிலும் துணி இருந்தது. தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, ஏதோ சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோலக் கொண்டுவந்து வைத்தாள்.

அப்பா ஒரே சட்டையை ஆறு நாளாகப் போட்டுக்கொண்டிருந்தார். கழற்றி வைத்தால் தானாக நிற்கும் பதத்துக்கு வந்திருந்தது அது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“டிகிரி, உங்க ஆபீஸ்ல சொல்லி விடுற மாதிரி யாரையாவது உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுப்பா.”

“சரி விடு. நீ இப்பத்தானே சேர்ந்திருக்க.”

அவர் அப்படிச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பஸ்ஸில் நின்றுகொண்டே மூன்றாவது கடிதத்தை மனதுக்குள் எழுதி முடித்தாள். வார்த்தையை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. போட்ட கையைப் பிடிக்க வேண்டும்.

கேட்டது இதுதான்: நிலுவையில் இருப்பதிலேயே பழைய புகாரை எடுக்க வேண்டும். அந்த வாடிக்கையாளரை ஆபீசுக்கு அழைத்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதில் முதன்முதலாக ‘லோ’ போட்டவர் யாரோ, அவர் பெயரை அங்கேயே வாசித்து வேலையை விட்டு நீக்க வேண்டும்.

சாந்தம் சார் மறுப்பார் என்று சண்டைக்குத் தயாராகப் போனாள். அவரோ உடனே தலையாட்டிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்களாம். காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமாம்.

“நீயே சுற்றறிக்கை எழுதும்மா. உனக்குத்தான் நல்லா எழுத வருது. நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

எழுதினாள். எழுதி முடித்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தாள். ‘லோ’ போட்டது ஐந்து நாற்காலி தள்ளி இருக்கிற அந்த நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், அவனும் இன்னும் நிரந்தரமாகாதவன். தெரியாமல் செய்துவிட்டான், பாவம் புதுசு என்று அவனைக் காப்பாற்றிவிடுவார்கள். பேனாவை எடுத்துக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘பயிற்சிக் காலத்தில் இருப்பவர் என்பதற்காக யாருக்கும் விலக்குக் கிடையாது.’

சாந்தம் சார் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நாற்பத்திரண்டு பேர் மேஜைக்கும் அது போனது. பக்கத்து சீட்டுக்காரி அன்று முழுக்க அவளை ‘மேடம்’ என்று கூப்பிட்டாள்.

கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் புதுத் தேதி ஆகிவிட்டதால், பழைய பட்டியலைத் தேடி அவளே கீழ்த்தளத்து ரெக்கார்டு ரூமுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே இருந்தவர் ரிடையராகப் போகிற ஒரு அண்ணன். மேலே நடக்கிற எந்தக் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். நாற்பத்திரண்டில் அவரையும் சேர்த்து எண்ணியிருந்தார்களா என்பதே சந்தேகம்.

“மேலே ஏதோ வார்த்தையை மாத்துறாங்களாமே தங்கச்சி?” என்றார். “இப்ப என்ன வார்த்தை?”

“வார்த்தை இல்லண்ணே. சாம்பல் புள்ளி.”

“அதுவும் நல்லாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அலமாரியில் கையை விட்டார். தூசி கிளம்பியது. மூன்று கட்டுகளைப் பிரித்து, நாலாவதிலிருந்து ஒரு தாளை உருவினார். தாளின் தலையில் ஒரு சின்னச் சீட்டு குத்தப்பட்டிருந்தது.

“இதுதான் ரொம்பப் பழசு. அஞ்சு மாசமாச்சு. என்ன சொல்லியிருக்காங்கன்னு பாரு.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரே வாசித்தார். “‘வணக்கம் தம்பி, சாப்பிட்டீங்களா? மெஷினுக்குள்ள யாரோ அழுவுற மாதிரி சத்தம் வருது. திறந்து பார்த்தா யாரும் இல்ல.’”

டிகிரி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா. வெள்ளிக்கிழமை அம்மா இரண்டு கையிலும் துணிக் கட்டோடு இந்த ஆபீசுக்குள் வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று கேட்பாள். ஷூ போட்டவர்கள் எல்லோரும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பார்கள். புகாரைத் திறக்கச் சொன்னது கம்பெனி, அதனால் சட்டமும் அவளை ஒன்றும் செய்ய முடியாது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது.

அந்த வரிகளை, அதே வரிசையில், எங்கேயோ அச்சில் படித்ததுபோலவும் இருந்தது. வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது, அதனால்தான் என்று தோன்றியது.

“‘லோ’ போட்டது யாருண்ணே? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்,” என்று நோட்டைப் பிரித்தாள். எழுதப்போகும் பெயர் அவளுக்கு முன்பே தெரியும்.

அவர் சீட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது போன்ல இருக்கிற பசங்க போட்டது இல்ல. அவங்க ஃபைல்ல இருக்கிறதைப் பார்த்துப் படிக்கிறதோட சரி. நிலுவை ஏறிப்போச்சு, ஆள் பத்தலைன்னு, புதுசா வந்தவங்களுக்குப் பரீட்சை மாதிரி இதைக் கொடுத்துக் கட்டத்தை நிரப்ப வெச்சாங்க. அவங்க எழுதினது அப்படியே ஏறிடுச்சு. பேர் போடல, இதுல மார்க்தான் இருக்கு. பேட்ச் நாலு, பத்துக்குப் பத்து. கெட்டிக்காரப் பொண்ணுன்னு அப்பப் பேசிக்கிட்டாங்க, அது யாருன்னு உனக்குத் தெரியுமா தங்கச்சி?”