இங்க்ரிட் வேர்க்கடலையை வென்ற காதை

இது நடந்தது பனி உருகிய மார்ச்சிலா, உருகிய பனி மறுபடி உறைந்த ஏப்ரலிலா என்று சொல்பவனுக்கே நிச்சயமில்லை. மினசோட்டாவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் போர் நடந்தது மெய். ஆகவே முதலில் வாழ்த்திவிடுவோம். வாழ்க இங்க்ரிட் ஹால்வர்சன்! பதினேழே வயதில் ஐந்து மைலை முப்பத்தாறு நிமிடத்தில் கடந்த காற்றுக்காலினாள், ஏரிமீன்கள் நாணி ஒதுங்கும் நீச்சற்செல்வி, ஆறாம் வகுப்பிலிருந்து கடற்படைக் கல்லூரியையே கனவு கண்டும் கடலை ஒருமுறைகூடக் கண்டிராத கடல்மகள், வாழ்க!

இத்தகையாளை மண்ணில் சாய்த்தது வாளன்று, வேலன்று, மதங்கொண்ட வேழமுமன்று, ஒரு வேர்க்கடலை. இரண்டு வயதில், தேவாலய விருந்தொன்றில், யாரோ நீட்டிய கடலை வெண்ணெய் பிஸ்கட்டை அவள் நக்க, உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்தது. அன்று காவல் பூண்டார் அன்னை மார்லிஸ். பள்ளிப் படிவம், முகாம் படிவம், பல் மருத்துவர் படிவம் என எது வந்தாலும் ‘வேர்க்கடலை ஆகாது’ என்று சிவப்பு மையால் எழுதி, இருமுறை அடிக்கோடிட்டார். பதினைந்தாண்டுச் சிவப்பு மையும் திரண்டு, படையெனப் புறப்பட்டு, கல்லூரியின் மருத்துவக் குழுவை அடைந்தது. ‘தகுதியில்லை’ என்று கடிதம் வந்தது.

விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை விண்ணப்பித்தவள் கேட்கமுடியாது. அவள் தனக்கு வேண்டுமென்று கல்லூரி நினைத்தால், கல்லூரியே அக்குழுவிடம் கேட்கவேண்டும். கல்லூரி நினைத்தது. மருத்துவர் முன்னிலையில் கடலையைத் தின்று காட்டி, மாத முடிவுக்குள் சான்று அனுப்புக என ஆணையிட்டது.

“பதினஞ்சு வருஷம் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு காத்தேன்டி. இப்ப நானே கூட்டிட்டுப் போயி விஷத்த ஊட்டணுமா?” என்று முழங்கினார் மார்லிஸ்.

“ஊட்டவெல்லாம் வேணாம்மா. நானே தின்னுக்கறேன். நீ கூட வந்தா போதும்.”

சொற்சிக்கனச் செம்மலாகிய தந்தை ஆர்லன் ஜன்னல் வழியே வெகுநேரம் வெளியே பார்த்திருந்துவிட்டுப் பிரகடனம் செய்தார்: “வண்டில பெட்ரோல் இருக்கு.”

களம் டாக்டர் வோஸின் சிற்றறை. ஆயுதம், கடலை மாவு கலந்த ஆப்பிள் கூழ். இருபது நிமிடத்துக்கு ஒரு கரண்டி. முதல் கரண்டியில் கடுகளவு, அடுத்ததில் மிளகளவு என்று பகைவன் பெருகிக்கொண்டே வந்தான். எட்டுக் கரண்டி தாண்டினால் வெற்றி. நடுவில் நின்றால் கடற்கனவு அன்றோடு முடிந்தது. மடைதிறந்த வெள்ளத்தைத் தனியொருத்தியாய்த் தாங்கும் கரையென இங்க்ரிட் அமர்ந்திருக்க, அன்னையோ கரண்டிக்குக் கரண்டி எழுந்துவந்து, மகளின் காலரை இழுத்து, கழுத்தைத் தடவி, அழுத்தி, வெளிச்சத்தில் திருப்பி ஆராய்ந்தார்.

ஆறாம் கரண்டியில் கழுத்து சிவந்தது.

டாக்டரின் கை ஊசிமருந்தை நோக்கி நகர்ந்தது. “நிறுத்திடலாமா?” என்றார். அன்னையின் முகத்தில் அச்சத்தோடு ஏதோ ஒரு நிம்மதியும் எட்டிப்பார்த்ததை இங்க்ரிட் கண்டாள். கண்டு, அன்னை இழுத்துவிட்ட காலரைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அவள் வாய்மலர்ந்தது இது:

“டாக்டர், மூச்சு நல்லா வருது. நாக்கு அரிக்கல. சொல்லப்போனா பசிக்குது. அம்மா என் கழுத்தத் தேய்க்காம இருபது நிமிஷம் பாருங்க.”

டாக்டர் சிவப்பைக் குனிந்து நோக்கினார். அது நான்கு விரல் வடிவில் இருந்தது.

“மார்லிஸ், நீங்க வெளில போயி ஒரு காப்பி குடிங்களேன்.”

காவலர் நாடுகடத்தப்பட்டார். சிவப்பு மெல்ல மாலை வெயிலென மங்கியது. ஏழாம் கரண்டி வீழ்ந்தது. எட்டாம் கரண்டியும் வீழ்ந்தது. அதற்குப் பிறகும் இரண்டு மணிநேரம் காத்திருந்தார்கள், பகைவன் எழவேயில்லை. வெற்றித்திருமகளாய் இங்க்ரிட் கதவைத் திறந்தபோது, தாழ்வாரத்தில் ஆறிப்போன காப்பியை வைத்துக்கொண்டு மார்லிஸ் உட்கார்ந்திருந்தார்.

“அப்ப இத்தன வருஷமும்... ஒண்ணுமே இல்லையாடி?”

இங்க்ரிட் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள்.

“இருந்துச்சும்மா. எப்பப் போச்சுன்னுதான் தெரியல. நீ அவ்வளவு நல்லா பாத்துக்கிட்ட.”

மார்லிஸ் மகளின் கழுத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோய், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

கல்லூரி விலக்குக் கேட்டது, கிடைத்தது, இங்க்ரிட் கோடையில் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் வோஸ் டுலூத் நகருக்கு மாற்றலாகிப் போனார், ஆர்லன் பழையபடி டிராக்டர் உதிரிபாகம் விற்கிறார், மார்லிஸ் அஞ்சலகத்தில் பகுதிநேர வேலைக்குப் போகிறார்.