கீழ்த்தளத்துப் பீரோவும் ஏழு நிமிட இருட்டும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சௌக்கியம். அவளுக்கு முட்டி வலி வழக்கம்போல, எனக்கு அவள் வழக்கம்போல. நீங்களும் என் மகளும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத சமாசாரம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பு. உங்கள் சம்பந்தம் வந்தபோது, "பேட்டரி கம்பெனியாமே, டார்ச் லைட் விக்கிறவருக்கா பொண்ணு குடுக்கிறது?" என்று கேட்டவன் நான்தான். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் ஆறு மாடி ஆபீஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உங்கள் கம்பெனி இறக்கிவிட்டுப் போன பெட்டியை, இரண்டு பீரோவை ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறதே என்று ஆரம்பத்தில் இளக்காரமாகத்தான் பார்த்தேன். பேட்டரி, கரண்டை மாற்றித் தரும் கருவி, சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு, தீப்பிடித்தால் தானே அணைத்துக்கொள்ளும் ஏற்பாடு எல்லாம் அந்த ஒரே கதவுக்குள் அடக்கம். கட்டணம் குறைவான நேரத்தில் தன்னை நிரப்பிக்கொள்கிறது, மத்தியானம் எல்லா ஏசியும் ஒன்றாகக் கரண்டை இழுக்கும்போது தோள் கொடுக்கிறது, கரண்ட் போனால் கண் இமைப்பதற்குள் மொத்தப் பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறது. சத்தம் போடாமல், பாராட்டை எதிர்பார்க்காமல் வேலை செய்கிற ஒன்றை இந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடம் மேனேஜராக இருந்து இப்போதுதான் பார்க்கிறேன். பழைய ஜெனரேட்டர் கிளம்பினால் தரைத்தளத்து லாண்டரிக்காரரின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். அவர் என்னைத் திட்டிய திட்டுகளை ஒரு மருமகனுக்கு எழுத முடியாது.

வினை எங்கே வந்ததென்றால், எங்கள் முதலாளியிடம்தான். விற்கிறவன் சொன்னாலும் நம்பமாட்டார், விற்கிறவனின் மாமனார் சொன்னால் சுத்தமாக நம்பமாட்டார். "மூணு மாசம் இருக்கட்டும். வாடகைக்கு இருக்கிறவங்கள்ல ஒருத்தராவது தானா வாயத் திறந்து இது நல்லாருக்குன்னு சொல்லணும். நீ போய்ச் சொல்லிக் குடுக்கக் கூடாது. யாரும் சொல்லலைன்னா பொட்டி திரும்பிப் போயிடும்" என்று சொல்லிவிட்டார். இது உங்கள் முதல் பெரிய ஆர்டர் என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை மாப்பிள்ளை. எப்படித் திறப்பார்கள்? கரண்ட் போவதே அவர்களுக்குத் தெரியவில்லையே. மூன்றாம் மாடி பல் டாக்டர் முன்பெல்லாம் நோயாளியை வாயைத் திறந்தபடியே உட்கார வைத்துவிட்டு எனக்குப் போன் போடுவார், இப்போது என் நம்பரே அவருக்கு மறந்திருக்கும். இதற்கு மேல் ஒரு கூத்து. மின்சார அலுவலகம் திருந்திவிட்டது என்று இவர்களே முடிவுகட்டி, ஐந்தாம் மாடி வக்கீல் ஒரு நன்றிக் கடிதம் தயாரித்து, ஆறு மாடியும் கையெழுத்துப் போட்டு, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நானும் போனேன். அங்கிருந்த இன்ஜினியர் இரண்டு முறை படித்தார். "சார், உங்க தெருவுல இந்த மூணு மாசத்துல பதினோரு தடவை கரண்ட் போயிருக்கே" என்றார். பிறகு, "பரவால்ல, குடுங்க" என்று வாங்கி, ஃப்ரேம் போடச் சொல்லி உதவியாளரிடம் நீட்டினார். உங்கள் பெட்டியின் உழைப்பு இன்று அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது.

கெடு முடிய இரண்டே நாள் பாக்கி. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு எதிர்க்கடை போர்டு அணைந்தது. தெருவில் கரண்ட் இல்லை, நம் கட்டடம் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, நேராகக் கீழே போய் உங்கள் பெட்டியை அணைத்துவிட்டேன். ஒரே ஒரு நிமிடம் இருட்டில் இருந்தால் அருமை தெரியும் என்பதுதான் என் கணக்கு. ஆனால் திரும்பப் போட்டதும் அது எழுந்திருக்கவில்லை. உள்ளே ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டுதான் கிளம்புமாம், அதற்கு ஏழு நிமிடமாம். அதை நீங்கள் சொல்லித்தான் இருப்பீர்கள், நான்தான் தலையை ஆட்டிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

மேலே ஓடினால் லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே முதலாளி. புதன்கிழமை வராத மனிதர். எல்லோரும் மாடிப்படியில் கூடிவிட்டார்கள். "மூணு மாசமா போகாத கரண்ட் இப்ப ஏன் போச்சு?" என்று டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வராத குறை. "கரண்ட் அப்பப்ப போயிட்டுதான் டாக்டர் இருந்துச்சு. கீழ இருக்கிற பீரோதான் உங்களுக்குத் தெரியாம பாத்துக்கிச்சு" என்றேன். "அதுல பழைய ஃபைல் இருக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார் அவர். வக்கீல் உடனே, நன்றிக் கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டார். பிறகு டாக்டரே லிஃப்ட் கதவில் வாயை வைத்து, "சார், அந்த பீரோவ எங்கயும் அனுப்பிடாதீங்க" என்று கத்தினார். லாண்டரிக்காரரும் கத்தினார். ஏழாவது நிமிடம் விளக்கு வந்தது, முதலாளி சட்டை முழுக்க வேர்வையோடு இறங்கி, நேராக வாசலுக்குப் போனார். மறுநாள் பார்த்தால் பெட்டியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சம்மதித்து அவர் கையெழுத்துப் போட்ட தாள் என் மேசையில்.

ஆக, உங்கள் ஆர்டரைக் காப்பாற்றியவன் மாமனார். பெருமைக்காகச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும். அணைத்தது நான் என்பது மட்டும் நம் இருவரைத் தாண்டக் கூடாது. நீங்களும் மகளும் எல்லா வளமும் பெற்று நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ என் மனமார்ந்த ஆசி. அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பி.கு: இத்துடன் வைக்க அந்தத் தாளைப் பிரதி எடுக்கப் போனேன். மடிப்பெல்லாம் வேர்வைக் கறை. தேதி செவ்வாய்க்கிழமை, அதாவது நான் அணைப்பதற்கு முந்தின நாள். முதலாளியிடம் ஓடினேன். "பொட்டி ஒவ்வொரு தடவையும் என் போனுக்குச் சொல்லிடுதுய்யா. பதினொண்ணையும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதைக் குடுக்கத்தான் மேல உன் ரூமுக்கு வந்துகிட்டிருந்தேன்" என்று போனைக் காட்டினார். பன்னிரண்டாவது வரியில் புதன்கிழமை கரண்ட் போனது, அதற்கடுத்த வரியில், 'கையால் அணைக்கப்பட்டது, 11.04' என்று இருந்தது. "பீரோ இருக்கட்டும், அந்த ரூம் சாவிய மட்டும் குடுத்துடு" என்றார். கொடுத்துவிட்டேன். அதே தகவல் உங்கள் போனுக்கும் வருமாமே. புதன்கிழமை பதினொன்றேகாலுக்கு நீங்கள் கூப்பிட்டு, "மாமா, உடம்பு நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. உடம்பு நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை.