ஐடியா அண்ணையின் வாசல் பலகை

தன் லொட்ஜ் சம்பலின் செய்முறையைப் போட்டிக்காரர் படிக்கட்டும் என்று வாசலில் எழுதி ஒட்டியவர், கொழும்பு வெள்ளவத்தையில் மட்டுமல்ல, உலகத்திலேயே ஐடியா அண்ணை ஒருவர்தான். பக்கத்து லொட்ஜ்காரர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து, "உப்புக் கூட, அண்ணை" என்றார். இவர் நன்றி சொல்லி உப்பைக் குறைத்தார்.

கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஆறு அறை லொட்ஜ். ஒன்றில் நான். சின்ன ஹோட்டல்காரருக்கான ஏதோ வகுப்புக்குப் போய், "யோசனை வெளியிலயிருந்துதான் வரும்" என்று கற்றுவந்த நாளிலிருந்து வாசலில் கரும்பலகை. யார் எதை எழுதினாலும் மறுநாளே செய்துவிடுவார். 'ரயில் சத்தத்தில் திடுக்கிட்டு எழும்புகிறேன்' என்று ஒருவர் எழுதினார். எல்லாத் தலைமாட்டிலும் ரயில் நேர அட்டவணை வந்தது. முன்கூட்டியே எழும்பிக் காத்திருக்கலாமாம்.

அங்கே தங்குவோரில் பாதிப்பேர் விசா நேர்முகத்துக்கு வடக்கிலிருந்து வருகிறவர்கள். இடியப்பத்தைக்கூட நடுங்கிக்கொண்டுதான் பிய்ப்பார்கள். பகிடிக்கு நான் எழுதினேன்: 'சாப்பாட்டு மேசையில் ஒரு பொய் விசா அதிகாரி தேவை.'

விடிந்ததும் அண்ணை எனக்குக் கட்ட ஒரு டையோடு வந்தார். "தம்பி, நீர்தான் அதிகாரி."

"ஐயோ அண்ணை, பகிடிக்கு எழுதினது!"

"பகிடியெண்டு பலகையில போடேல்லையே."

சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே, கிளிநொச்சியிலிருந்து வந்த ஓர் அக்கா. வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம். இவருக்கு இரண்டு தரம் விசா மறுத்துவிட்டார்கள். பத்து மணிக்கு மூன்றாவது நேர்முகம்.

"திரும்பி வருவியள் எண்டு எப்பிடி நம்புறது?" என்று இயன்றமட்டும் கொடூரமாகக் கேட்டேன். அக்கா அழுதுவிட்டார். முகம் கழுவி ஓட்டோ ஏறினார்.

நான் வேலைக்கு லீவு சொன்னேன். அண்ணை சுத்தியலோடு பலகைக்குக் கீழே குந்தினார். "அவவுக்கு விசா பிழைச்சுதெண்டா இதைக் கழட்டிப்போடுவன்."

"என்னையும் கழட்டிப்போடுங்கோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அட்டவணையில் இருந்த காலை ரயில் எல்லாம் போயின, அக்கா வரவில்லை. ஒவ்வொரு ஓட்டோவுக்கும் இருவரும் எழும்பி எழும்பி உட்கார்ந்தோம்.

மத்தியானம் ஓர் ஓட்டோ வாசலில் நின்றது. அக்கா எங்களைப் பார்க்காமலே பலகைக்குப் போய்ச் சோக்கை எடுத்தார்: 'அழவேண்டியதை இங்கேயே அழுது முடித்தேன். அங்கே பதில் மட்டும் சொன்னேன். விசா கிடைத்தது. தம்பி இன்னும் கடுமையாகக் கேட்கலாம்.'

"கடுமை காணாதாம், தம்பி" என்று சொல்லிவிட்டு, அண்ணை சுத்தியலைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்தார்.

இப்போது நான் குடியிருப்பது பக்கத்துப் பாமன்கடையில். ஞாயிறுகளில் அந்த ஒழுங்கைக்குப் போய், ஒருவரும் காணாமல் பலகையில் எழுதிவிட்டு வருவேன்: 'அண்ணை நெடுநாள் சுகமாக இருக்கவேண்டும்.' எழுதியதைச் செய்யாமல் விடுகிற மனிதரில்லை அவர்.